தம்பிக்கு எதுவும் கொடுக்காதீர்கள்

அப்பா எங்களை விட்டுப் போய் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. இன்றைக்கு முதலாண்டுத் திதிக்காக வேலையைப் போட்டுவிட்டு, பாலம் தாண்டியும் ஃபெர்ரி ஏறியும் தீவில் இருக்கும் எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் மூத்த மகளின் வணக்கம். இந்த நினைவு மலரில் அப்பாவின் பெருமையை மட்டும் எழுதச் சொன்னார் அம்மா. பெருமையும் எழுதுகிறேன். ஆனால் அதோடு நிறுத்த என்னால் முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

அப்பா பிறந்தது பட்டர்வொர்த்தில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தாத்தாவின் இடுப்பு விட்டுப்போன அன்றைக்கே அப்பாவின் படிப்பும் நின்றது. மீசை முளைக்காத வயதில் லாரியில் கெலிண்டனாகச் சேர்ந்தார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், இறங்கிய இடத்தில் சாமான் இறக்கி ஏற்றுகிற வேலை. சிமெண்டு மூட்டை தூக்கித் தூக்கி அவருடைய வலது தோளில் காய்ப்பு விழுந்திருந்தது. சின்ன வயதில் தொட்டுப் பார்ப்பேன், கல் மாதிரி இருக்கும். பிறகு லைசென்ஸ் எடுத்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தார். கடைசி வரை அதுதான் அவருடைய தொழில்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் அந்த வேனில் போனவர்கள்தான். பிளாட்டின் கீழே வந்து ஹோர்ன் அடிப்பார். பிள்ளை இறங்கி வராவிட்டால் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அப்பா. மாடி ஏறிக் கதவைத் தட்டி, புத்தகப் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்குவார். சின்னப் பிள்ளையின் பையென்றால் சரி. அப்பாவை விட உயரமாக வளர்ந்த பையன்களின் பையையுமா தூக்க வேண்டும்? அவர்கள் போனைப் பார்த்தபடி வெறுங்கையோடு பின்னால் வருவார்கள். ஏறி உட்கார்ந்ததும், "அங்கிள், ஏர்கோன் குளிரவே இல்ல லா, கூட்டி வைங்க" என்பார்கள். குடித்த டப்பாவும் தின்ற பாக்கெட்டும் சீட்டுக்கு அடியில் கிடக்கும். அப்பா குனிந்து கூட்டி அள்ளுவார். நான் கத்தினால், "விடும்மா, படிக்கிற பிள்ளைங்க" என்பார். நானும்தான் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை தோறும் அந்த வேனைக் கழுவியது நான்தான்.

தம்பி எனக்குப் பின்னால் நெடுநாள் கழித்து, கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு பிறந்தவன். அவனைக் கையில் வாங்கியதும், "நான் பட்ட கஷ்டம் எதுவும் இவன் படக்கூடாது" என்று அப்பா சொல்ல, சுற்றி நின்றவர்கள் கண் கலங்கினார்களாம். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் வீட்டைப் பிடித்த சனி. மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தம்பி தான் சாப்பிட்ட தட்டைக் கழுவியதில்லை. அறையில் இருந்தபடி "தண்ணி" என்று ஒரு சத்தம் கொடுப்பான், தண்ணீர் வந்துவிடும்.

இடைநிலைப் பள்ளியில் கொஞ்சம் வளர்ந்ததும் அப்பாவின் வேனில் ஏற மாட்டேன் என்றான்.

"ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்கப்பா. வேன்காரர் மகன்னு கூப்பிடுறாங்க. எனக்கு மலுவா இருக்கு."

வெட்கமாம்! இன்றைக்காவது அப்பா கையை ஓங்குவார் என்று பார்த்தேன். அவரோ, போனில் காசு போட்டு, தினமும் காலையில் அவனுக்கு ஒரு வாடகைக் கார் வர ஏற்பாடு செய்தார். போவது அதே பள்ளிக்கு, அதே நேரத்துக்கு. பள்ளி வாசலில் ஊரார் பிள்ளைகளை அப்பா இறக்கிவிட்டுக்கொண்டிருப்பார். பின்னால் அந்தக் கார் வந்து நிற்கும். அதிலிருந்து அவருடைய மகன் இறங்கி, அவரைத் தெரியாதவன் போல உள்ளே போவான். ஒரு நாள் அப்பா வீட்டுக்கு வந்து, "இன்னிக்குத் தம்பி போன காடி புதுசும்மா, உள்ள நல்லா இருந்துச்சு" என்று சிரித்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அந்த நிலையிலும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். பிள்ளைகள் மேல் ஒரு கீறல் விழவில்லை. இதைவிடப் பெருமை என்ன எழுத?

வார்டில் புழுக்கம் தாங்காது. வீட்டிலிருந்து சின்ன ஃபேன் ஒன்றைக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன். தம்பி வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அது பொய் அழுகை இல்லை, அவன் கெட்டவனும் இல்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவன் சுவரைச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, சார்ஜ் போட இடம் இல்லையா? பேட்டரி செத்துரும் போல லா."

அப்பாவுக்கு வாய் கோணிப் பேச்சே வராத நேரம் அது. அசைகிற ஒரு கையைத் தூக்கி ஃபேனின் பிளக்கைக் காட்டினார். கழற்றி அவனுக்கு இடம் கொடு என்று அர்த்தம். "மாட்டேன்பா" என்றேன். அப்பா கையை இறக்கவில்லை. தம்பி கழற்றினான். நான் பேப்பரை மடித்து அப்பாவுக்கு விசிறிக்கொண்டு நின்றேன். அந்த வாரத்திலேயே அப்பா போய்விட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். பொருள் ஆசை, உடம்பு வளையாது, பெரியவர்கள் என்றால் வேலைக்காரர்கள் என்ற நினைப்பு. ஐயோ, தெரியாதா எனக்கு? ஒரே கூரையின் கீழ் இருக்கிறேனே! ஆனால் பிளக்கைக் காட்டியது அவன் கை இல்லையே. அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைப் போல அன்பாக ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த அன்பை அவன் அப்படியே தின்று வளர்ந்துவிட்டான்.

கருமாதியில் தாய்மாமன் அவன் தலையில் உருமால் கட்டி, இனி இந்தக் குடும்பத்துக்கு நீதான் என்றார். முறைப்படி நீங்கள் எல்லோரும் அவன் கையில் பணம் வைத்து, தலையைத் தடவி, "பாவம், அப்பா இல்லாத பிள்ளை" என்று அழுதீர்கள். காரியம் முடிந்த கையோடு அவன் புதுப் போன் வாங்கிவந்தான். "எனக்குக் குடுத்த காசுதானேக்கா" என்றான்.

படிப்பு முடிந்ததும் மாமா பாடுபட்டு செபராங் ஜெயாவில் ஒரு கடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். "பாலம் தாண்டிப் போய் வர யாரால முடியும்?" என்று இரண்டாம் நாளே நின்றுவிட்டான். பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மோட்டார் பட்டறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. "தரையக் கூட்டச் சொல்றாங்கக்கா. நான் என்ன கிளீனரா?"

கிளீனர் அம்மாதான். அப்பா போன பிறகு ஒரு பேரங்காடியில் தரை துடைக்கப் போகிறார். சாயங்காலம் ஒரு கேட்டரிங் கடையில் பாத்திரம் கழுவுகிறார். நான் பார்சல் கட்டும் ஃபேக்டரியில் வாங்கும் சம்பளம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதும். பிறகு எதற்கு அம்மா இரண்டு வேலைக்கு ஓடுகிறார்? தம்பிக்குப் பெரிய ரேசிங் மோட்டார் சைக்கிள் வேண்டுமாம். சர்க்கரை ஏறி, கால் வீங்கி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. "அவனுக்கு அந்த மோட்டார எடுத்துக் குடுத்துட்டா அப்புறம் ஓய்வுதானம்மா" என்கிறார்.

போன மாதம் வேலை இடத்தில் அம்மா மயங்கி விழுந்துவிட்டார். எனக்கு போன் வந்தபோது நான் ஃபேக்டரி ஷிஃப்டில் இருந்தேன். தம்பி வீட்டில்தான் இருந்தான், போவதற்குக் கொஞ்ச தூரம்தான். கூப்பிட்டேன்.

"அக்கா, கேம் நடுவுல இருக்கேன். இப்ப வெளிய வந்தா என் டீம் தோத்துரும். முடிச்சிட்டு ஓடிர்றேன், ஓகே?"

அம்மாவைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போனது கூட வேலை செய்கிற ஒரு மலாய் அக்கா. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி: "தம்பி சாப்ட்டானா?"

இதை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "புக்குல போட்டா அவனுக்கு யாரும்மா பொண்ணு குடுப்பா?" என்று அழுதார். தம்பியிடமும் கொடுத்தேன். "ரொம்ப நீளமா இருக்குக்கா, வாய்ஸ்ல அனுப்பு" என்றான். அனுப்பினேன். இன்னும் கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். வார்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா, பாதியில் நின்ற பிள்ளைகளைத் தங்கள் வேனில் ஏற்றிப் போன அப்பாவின் கூட்டாளிகள், பாடையைத் தோள் கொடுத்துத் தூக்கிய அண்ணன் தம்பிகள், அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நன்றியோடு காலில் விழுந்து கேட்கிறேன். இன்றைக்கு அவன் கையில் எதையும் வைக்காதீர்கள். பாவம் என்று சொல்லாதீர்கள். மோட்டாருக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்று அம்மாவின் காதில் ஓதாதீர்கள். எனக்கு இருப்பது அம்மா ஒருவர்தான். அவருக்கும் இப்படி ஒரு மலர் எழுத என் உடம்பில் தெம்பில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் உங்கள் இலையை நீங்கள் எடுக்க வேண்டாம். என்னையும் கூப்பிட வேண்டாம். தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முகத்தைச் சுளிப்பான், போனை எடுப்பான், பரவாயில்லை, மறுபடியும் கூப்பிடுங்கள். அவன் வரும் வரைக்கும் எச்சில் இலை அங்கேயே கிடக்கட்டும். அதற்குள் அம்மா குனிய வருவார். அவர் கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.