பாஸ்வேர்ட் கேட்காத பெட்டி

யாராவது பாஸ்வேர்ட் அடிக்கத் தொடங்கினால் கிறிஸ்துநாயகம் நாற்காலியை விட்டு எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். தலையைத் திருப்பினால் போதாதா என்று கேட்டால், போதாது என்பார். சுவரில் திருஇருதயப் படமோ கடைக் கலண்டரோ இருந்தால் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். “அடிச்சு முடிஞ்சுதோ?” என்று இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் “ஓம்” என்று பதில் வந்த பிறகுதான் திரும்புவார். லண்டன் லூயிஷாமில், தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் அரைவாசிப் பேரின் கணினிகள் அவர் கைபட்டவை. ஒருவருடைய பாஸ்வேர்ட்டும் அவருக்குத் தெரியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் போன மாதம் அவர் காலை வாரிவிட்டது.

தொழிலைக் கேட்டால் அவர் கணினிக்காரர் இல்லை. ஒரு சூப்பர்மார்க்கெட்டின் குளிர் அறையில் அதிகாலை ஷிப்ட். மீனும் இறைச்சியும் இறக்குகிற வேலை. வயது ஐம்பத்தெட்டு. குளிர் அறைக்கென்று வாங்கிய கம்பளித் தொப்பியை ஓகஸ்ட் வெயிலிலும் கழற்றமாட்டார். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியமும் பென் டிரைவும் ஒரே கயிற்றில் தொங்கும். விண்டோஸுக்குப் பதிலாக அவர் போடுகிற, காசில்லாத லினக்ஸ் அந்தப் பென் டிரைவுக்குள்தான் இருக்கிறது. இனி இதற்கு அப்டேட் வராது, குப்பையில் போடுங்கள் என்று பிள்ளைகள் கைவிட்ட லாப்டொப்களை வாங்கி, பழையதைத் துடைத்துவிட்டு, பாரம் குறைந்த லினக்ஸை ஏற்றிக் கொடுப்பார். “எட்டு வருசக் கிழவன்ர முதுகில பன்னிரண்டு மூட்டையை ஏத்திப்போட்டு, நடக்கிறானில்லை எண்டு ஏசினால் எப்பிடி?” என்பது அவருடைய விளக்கம். லாப்டொப் என்ற சொல் அவர் வாயில் வராது. எல்லாமே பெட்டிதான்.

எதைக் கேட்டாலும் செய்து தருகிறவர், ஒன்றுக்கு மட்டும் மசியமாட்டார். பாஸ்வேர்ட் கேட்காமல் பெட்டி தானாகவே திறக்கும்படி செய்து தரச் சொல்லிப் பலர் கெஞ்சியிருக்கிறார்கள். முன்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூசைக்குப் போவீர்களோ என்று ஒரு கேள்வி கேட்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இம்மாகுலேற்றும் கேட்டு, அதே பதிலைத்தான் வாங்கினார். அறுபத்தேழு வயது, கவுன்சில் வீட்டின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். போன வருடம் வந்த பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. விம்பிள்டனில் இருக்கிற மகள் றொசாந்தி அன்றே தாயைத் தன்னோடு கூட்டிப்போக நின்றாள். கோயில் பத்து நிமிட நடையில் இருக்கிறது, வரமாட்டேன் என்று தாய் அடம்பிடித்தார். கடைசியில் ஓர் உடன்படிக்கை வந்தது: தினமும் காலை எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் முகம் காட்ட வேண்டும். போன் என்றால் அவருக்குக் கண்ணும் பிடிக்காது, கையும் பிடிக்காது. அதனால் கிறிஸ்துநாயகத்தின் பெட்டி மேசையில் ஏறியது.

நாலு மாதம் ஒரு சிக்கலும் இல்லை. செப்டெம்பரில்தான் எல்லாம் குழம்பியது. சில நாள் பாஸ்வேர்ட் சரி என்றது, சில நாள் பிழை என்றது. மூன்று காலைகள் எட்டு மணி தாண்டியும் முகம் வராமல், றொசாந்தி வேலைக்குப் போகாமல் காரை எடுத்துக்கொண்டு லூயிஷாமுக்கு ஓடி வந்தாள். நடுவில் கிறிஸ்துநாயகமும் ஒருநாள் வந்து பார்த்தார். அவர் சுவரைப் பார்த்து நிற்க, இம்மாகுலேற் அடிக்க, பெட்டி அன்று மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது.

“பெட்டியில பிழை இல்லை அக்கா. ஆறுதலா அடியுங்கோ.”

மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பெட்டியில் பிழை இல்லையென்றால் பிழை யாரில்? றொசாந்தி இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டினாள். பக்கவாதத்துக்குப் பிறகு ஞாபகமும் போகலாம் என்று எங்கோ படித்திருந்தாள். மறதிக்கான கிளினிக்கில் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்தாள். விம்பிள்டன் வீட்டின் சின்ன அறைக்குக் கட்டிலும் வாங்கிவிட்டாள். இம்மாகுலேற் சண்டை பிடிக்கவில்லை. தனக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழுந்து போய்ப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமை கிறிஸ்துநாயகம் ஷிப்ட் முடிந்து நேரே அங்கே வந்தார், அக்கா கூப்பிட்டனுப்பியிருந்தார்.

“தம்பி, எனக்கு ஞாபகம் போட்டுது. இனி உது பாஸ்வேர்ட் கேளாமல் திறக்கச் செய்து தாங்கோ. ஒரு கிழமையாவது ஒழுங்கா முகம் காட்டினனெண்டால், பிள்ளை என்னை இங்க விடுவாள்.”

முன்கதவுக் கதையை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்வதற்கும் ஒருமுறை உள்ளே போயாக வேண்டும். இம்மாகுலேற் அடித்தார், இவர் சுவரைப் பார்த்தார். பிழை. மறுபடி அடித்தார், பிழை. மூன்றாவது தரம் அவர் அழத் தொடங்கியதும் கிறிஸ்துநாயகம் திரும்பினார். பாஸ்வேர்ட் கட்டத்தில் வழக்கம்போல கறுப்புப் புள்ளிகள். விசை ஏதும் செத்துவிட்டதோ என்று பார்க்க, எழுத்தை மறைக்காத பெயர்க் கட்டத்தில் அக்காவின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தார். கட்டத்தில் ஆங்கிலம் வரவில்லை. கூட்டி வாசிக்க முடியாத தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

தினமும் குளிர் அறையில் நிற்கிறவருக்கு அப்போதுதான் உண்மையில் குளிர்ந்தது. வெள்ளிக்கிழமைச் செபமாலைக்கு மன்றாட்டுகளைத் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும் என்று அக்கா கேட்க, செப்டெம்பர் தொடக்கத்தில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தவர் இவர். தமிழ்தானே முன்னுக்கு நிற்க வேண்டும் என்று அதை ஆங்கிலத்துக்கு மேலே ஏற்றி வைத்தவரும் இவரே. பெட்டி அதை, பாஸ்வேர்ட் கேட்கிற வாசலிலேயே பிடித்துக்கொண்டது. அக்கா சரியாக அடித்த பாஸ்வேர்ட் ஒவ்வொன்றும் தமிழாகி உள்ளே போயிருக்கிறது. புள்ளிக்குத் தமிழென்ன, ஆங்கிலமென்ன? முதல் எழுத்தைப் பெரிதாக்க ஷிப்ட் விசையை அழுத்தும்போது இடது கை தடுமாறிப் பக்கத்து விசையும் சேர்ந்து அமுங்கினால் மொழி ஆங்கிலத்துக்கு மாறிவிடும். ஆக, கை பிசகிய நாட்களில்தான் பெட்டி திறந்திருக்கிறது. போனமுறை வந்த அன்று சுவரைப் பாராமல் அந்தக் கையைப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

“அக்கா, நீங்கள் அடிச்சதெல்லாம் சரி. பிழை என்ர.”

அவர் விளக்கிச் சொன்னதில் இம்மாகுலேற்றுக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டியது பிடிபட்டது.

“அப்ப எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றார். சொல்லிவிட்டு, மேசைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று கிழமை நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதை அந்தச் சிரிப்பில் பார்க்க முடிந்தது.

மொழியை மாற்றியதும் பாஸ்வேர்ட் முதல் தரத்திலேயே ஏறியது. தமிழைக் கீழே இறக்கி வைத்தார். ஆனாலும் ஒற்றைக் கையால் பன்னிரண்டு எழுத்து இனி வேண்டாம் என்று முடிவு கட்டினார். வெளியே போகாத பெட்டி. கீழே கட்டடக் கதவு, மேலே வீட்டுக் கதவு, போதும். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, அமைப்புக் கோப்பைத் தேடி, யாருக்காகத் தானே திறக்க வேண்டும் என்ற வரியில் அக்காவின் பெயரை எழுதினார். அணைத்துத் திரும்பப் போட்டார். பெட்டி மீண்டும் பாஸ்வேர்ட் கேட்டது. வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் (#) குறியை அப்படியே விட்டிருந்தார். அந்தக் குறி இருக்கிற வரியைப் பெட்டி கண்டுகொள்ளாது. இன்று எனக்குத்தான் கிளினிக் வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே குறியை அழித்தார். இந்தமுறை பெட்டி கேள்வி கேட்காமல் நேரே உள்ளே போய், வீடியோப் பக்கத்தையும் தானே விரித்தது. இம்மாகுலேற் அதை நாலு தரம் அணைத்து நாலு தரம் போட்டுப் பார்த்தார். கிறிஸ்துநாயகம் தடுக்கவில்லை, அவருக்கும் அது பார்க்க நன்றாக இருந்தது.

பதினொரு மணிக்கு றொசாந்தி வெறும் அட்டைப் பெட்டிகளோடு, சாமான் கட்ட வந்தாள். கிறிஸ்துநாயகம் எழுந்து நின்று, ஒன்றும் ஒளிக்காமல், கலண்டரில் திகதிகளைக் காட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபிப்பாள் என்றுதான் நினைத்தார். அவளோ கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடி நெடுமூச்சு விட்டாள். தன்னையே மறந்துபோகிற ஒருத்தியாக அம்மாவை அவளும் எத்தனை இரவு நினைத்துப் பார்த்தாளோ. பிறகுதான் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. பாஸ்வேர்ட் மறந்துபோகிறது என்று கிளினிக்குக்குக் கடிதம் போய்விட்டது. டொக்டர் கேட்டால் என்ன சொல்வது?

“பிள்ளை, ஒரு தாள் தாங்கோ,” என்றார் கிறிஸ்துநாயகம்.

குளிரில் வெடித்த விரல்களால் பேனையை இறுக்கிப் பிடித்து, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதினார். செப்டெம்பர் நாலாந் திகதி முதல் இன்று வரை இந்தக் கணினி திறக்காததற்குக் காரணம் நான் செய்த பிழை. திருமதி இம்மாகுலேற் ஒவ்வொரு முறையும் தன் பாஸ்வேர்ட்டைச் சரியாகவே நினைவில் வைத்திருந்தார். கீழே முழுப் பெயர், கையெழுத்து, போன் நம்பர். றொசாந்தி கையை நீட்டினாள். அவர் தாளை இரண்டாக மடித்து, இம்மாகுலேற்றின் இடது கைக்குள் வைத்தார்.