பன்னிரண்டு மெழுகுதிரி

பதினான்கு வயது மகளுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள் கொண்டாடியவள் நான். ஊரைக் கூட்டிக் கொண்டாடினேன். தெரிந்துதான் செய்தேன்!

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சோடித்துச் சொல்ல வராது... உள்ளதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சண்டைக்காலம். படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வாகரையில் குடிசை போட்டிருந்தோம். இயக்கத்துப் பொடியன்கள் படையில் சேர்க்க வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்தார்கள். பதினான்கு என்றால் விடமாட்டார்கள். எனக்கு இருந்ததே ஒரு பிள்ளை, சுதா.

அவள் பெரியபிள்ளையானதையே நான் மறைத்தேன். தாய்மாமனுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் வார்க்கவில்லை. பெண்களைக் கூட்டிக் குரவை போடவில்லை. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பாவம் உண்டா?

மறைத்தால் மட்டும் போதாது. ஊர் வாயில் அவள் சின்னப்பிள்ளையாக வேண்டும். அதற்குத்தான் மார்கழி மழையில் அந்தப் பிறந்தநாள்.

கேக்கை ஓட்டமாவடியில் வாங்கி, பொலித்தீனில் சுற்றி, சைக்கிளில் கொண்டுவந்தார் என் மனிசன். மேலே நடுவில் ஒரு துளை.

“மாங்கேணி சென்றியில மறிச்சு ஆமிக்காரன் கம்பியால குத்திப் பாத்தான் புள்ள, குண்டு கிடக்காம்! பிறகு கம்பியை நக்கினான்” என்று சிரித்தார்.

சீனியும் மாவும் குழைத்துத் துளையை அடைத்தேன். அதன்மேலேயே மெழுகுதிரி நட்டேன். பன்னிரண்டு.

சட்டைக்குச் சுருக்கு வைத்துத் தைத்தேன். இரட்டைப் பின்னல், சிவப்பு றிபன். சுதா முறைத்தாள்.

“அம்மா, எனக்குப் பதினாலு.”

“இண்டைக்குப் பன்ரெண்டு. வாயை மூடிட்டுச் சிரி.”

களப்புத் தண்ணீர் பெருகி முற்றம்வரை வந்திருந்தது. ஆனாலும் சனம் சேலையைத் தூக்கிக்கொண்டு நீரில் நடந்து வந்தது! பிறந்தநாள் என்றால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. சுதா கேக்கில் கத்தியை வைத்தாள்... பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரவை போட்டார்கள்!

நான் கொடுக்காத குரவை என் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது. எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும்!

பிள்ளை கேட்டு வருகிற பொடியனும் வந்திருந்தான். நான்தான் அழைத்தேன். கேக்கைத் தின்றபடி கேட்டான்: “அக்கா, புள்ளைக்கு மெய்யாப் பன்ரெண்டா?”

பாக்கியத்தைப் பார்த்தேன். படுவான்கரையிலிருந்து எங்களோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய மலரும் என் சுதாவும் ஒரே மாரியில் பிறந்தவர்கள். சுதாவின் வயது தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

“நீ சொல்லுகா. என்ர வாயைத் தம்பி நம்பமாட்டார்.”

பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள்.

“பன்ரெண்டுதான் தம்பி. என்ர மலருக்கு ரெண்டு வயசு இளையவள். இடுப்பில தூக்கித் திரிஞ்ச நான்.”

“அப்ப மலருக்கு எப்ப கேக் வெட்டுறீங்க?” என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தாள். அவன் இன்னொரு துண்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனான். வென்றேன்! அன்றைக்கு என் வீட்டு வாசலில் இயக்கமும் தோற்றது, ஆமியும் தோற்றது!

தை பிறக்கமுன் மலரைக் கொண்டுபோனார்கள். என் வீட்டுப் படலைக் கதவை யாரும் தொடவில்லை. மலர் திரும்பி வரவேயில்லை.

பாக்கியத்திடம் முன்பே சொல்லியிருக்கலாம்... உன் பிள்ளையின் வயதையும் குறை, ஒரு கேக்கை இருவரும் வெட்டட்டும் என்று. நினைக்காமல் இருந்தேனா? நினைத்தேன். இரண்டு வீட்டில் ஒரே பொய் என்றால் எவன் நம்புவான்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் குற்றம் வயதைக் குறைத்தது அல்ல. இதுதான்.

அந்த மார்கழி திரும்பி வந்தால் என்ன செய்வேன்? அதையே செய்வேன். வேறு என்ன சொல்ல...

சுதாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பாக்கியம் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். சுதா வந்து போகும்போதெல்லாம் பாக்கியம் படலைவரை வந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு என் கையைப் பிடித்துச் சொல்வாள்:

“ரெண்டு பேருமாச் சேந்து ஒரு புள்ளையையாவது காப்பாத்திட்டம், என்னகா?”

“ஓம்” என்பேன். கையை எடுக்கமாட்டேன். அவளாக விடும்வரை நிற்பேன்.