பெயர் கேட்ட பாவாயி அக்கா

“பாவாயக்கா போயிட்டாங்கண்ணா. மறுபடி வலிப்பு” என்று ஜேடர்பாளையத்துக் கண்டக்டர் பஸ்ஸிலிருந்து எட்டிச் சொன்னார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத மனுஷி!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில், சேலத்தில் சமுதாயக் கல்லூரி என்று பலகை மாட்டிய ஓட்டுக் கட்டிடம் ஒன்றில், மனநலமும் சமூக நலமும் சேர்ந்த ஓராண்டுப் படிப்பை நாங்கள் படித்தோம். அக்கா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தவர், கணவரை இழந்தவர். “பைத்தியத்தைப் பாக்க ஒரு படிப்பாங்க?” என்று ஊர் சிரித்தது. “அடிக்கறதுக்கு யாரும் படிக்கலீங்களே. பாக்கறதுக்காவது படிக்கறனுங்க” என்றாராம் அக்கா.

களப்பணிக்கு எங்கள் இருவரையும் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். மாட்டுக் கொட்டகைத் தூணில் சென்னியப்பன் என்ற இளைஞரைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். முதுகெல்லாம் சாட்டைத் தழும்பு. சில இன்னும் ஆறவில்லை.

எங்கள் பக்கம் பிள்ளையையும் சாமி என்போம், பெரியவரையும் சாமி என்போம். அக்கா தட்டோடு குனிந்து, “சோறுண்ணுங்க, சாமி” என்றார்.

சென்னியப்பன் சங்கிலியின் மிச்சத்தைச் சுழற்றி அவர் மண்டையில் இறக்கினார். விழுந்தவரை மறுபடியும் அடித்தார். சோறெல்லாம் ரத்தம். நான் ஓடினேன். இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. திரும்பிப் பார்த்தபோது சென்னியப்பனின் அண்ணன் உலக்கையால் தம்பியின் மணிக்கட்டை நொறுக்கிக்கொண்டிருந்தார். “அடிக்காதீங்க!” என்று தரையில் கிடந்தபடி அக்கா அலறினார்.

அமாவாசைதோறும் பூசாரி வந்து, சென்னியப்பன் மேல் இறங்கிய சாமியை அனுப்பிவைப்பதாக, “மலையேறு சாமி, மலையேறு!” என்று அடிக்கொரு தரம் கத்திச் சாட்டையால் விளாசுவார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

“சாமிங்கற அந்தச் சொல்லுக்கு அடுத்து அவருக்குச் சாட்டைதான். தப்பு நம்முளுதுங்க தம்பி, பேரு கேட்டிருக்கோணும்” என்றார் அக்கா. தலையில் பதினாலு தையல். அந்தக் கட்டோடு மறுபடி போய்த் தள்ளி உட்கார்ந்து, “உங்க பேரு என்னங்க?” என்று கேட்டார். நான்காம் நாள்தான் பதில் வந்தது. அடுத்த அமாவாசைக்குப் பூசாரியை மறித்து, இரண்டு சாட்டையடியும் வாங்கிக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துத்தான் மருந்துக்குச் சம்மதித்தார். எட்டு மாதத்தில் சங்கிலி போயிற்று. சென்னியப்பன் அக்காவின் கொடிக்காலுக்கே வேலைக்கு வந்தார். அக்காவுக்கு அந்த அடியோடு வந்த வலிப்பு மட்டும் போகவில்லை.

சாவு வீட்டு வாசலில் சென்னியப்பனைக் கண்டதும் அக்காவின் தம்பி, “எங்கக்காவக் கொன்னவனே!” என்று மூங்கில் கழியால் அடித்தார். தோளில் விழுந்தது. சென்னியப்பன் கை ஓங்கவில்லை. அடுத்த அடிக்கு நான் குறுக்கே போனேன். என் முழங்கையில் பட்டது. “அவரு பேரு சென்னியப்பனுங்க!” என்று கத்தினேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. அக்காவின் பேச்சை என் வாயில் கேட்டோ என்னவோ, தம்பி கழியைப் போட்டுவிட்டு அழுதார்.

சென்னியப்பன் உள்ளே போய் அக்காவின் காலடியில் நின்றார். இத்தனை வருஷமாகச் சாமி என்று யார் கூப்பிட்டாலும் உடம்பு நடுங்கியவர். கோணிய கையையும் மறு கையையும் சேர்த்துக் கும்பிட்டுச் சொன்னார்:

“மலையேறுங்க, சாமி.”