மரத்தூள் கலந்த எண்ணெய்

கியர்ப் பெட்டியின் அடியிலிருந்த திருகைக் கழற்றியதும் எண்ணெய் ஒழுகவில்லை. மெக்கானிக் விரலை விட்டுக் கிளறினார். அதன் பிறகுதான் கறுப்பாக, கெட்டியாக, அடிப்பிடித்த களியைப் போல ஒன்று துண்டு துண்டாகத் தகரத் தட்டில் வந்து விழுந்தது. அழுகிய முட்டையும் தீய்ந்த மரமும் கலந்த நாற்றம் ஷெட் முழுவதும் பரவியது. மெக்கானிக் அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து விரலை எங்கள் பக்கம் நீட்டினார். கறுப்புக்கு நடுவே நார் நாராக மரத்தூள். பக்கத்தில் நின்ற என் அக்கா மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தாள். செய்தது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் கணவர், என் அத்தான்.

அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவரைப் பற்றி ஊரில் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் என் தொண்டையில் ஏறி நிற்பது அந்த நாற்றம்தான். அது ஏன் என்று ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பழைய கார்களை வாங்கி விற்பது அவர் தொழில். தூத்துக்குடியில் அந்தத் தொழில் செய்பவர்களின் நகங்களில் வண்டி மசி இருக்கும், சட்டையில் கறை இருக்கும். அத்தான் மட்டும் சலவை மடிப்புக் கலையாமல் வெள்ளைச் சட்டையில் திரிவார். கழுத்தில் பவுடர் திட்டாகத் தெரியும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யார் வந்தாலும் முதலில் குடும்பத்தை விசாரிப்பார், பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் "பூசைல வேண்டிக்கிடுதேன்" என்பார். மாதா கோயில் திருவிழாவில் முதல் வரிசையில் நிற்பார். அவரை மாப்பிள்ளையாக அடைந்ததில் அம்மாவுக்கு அத்தனை பெருமை.

அப்பா விட்டுப்போன வெள்ளைக் காரை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் கியரை மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். முதலில் இரண்டாவது கியரில் மட்டும் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. போகப்போக மூன்றாவதிலும் பல்லைக் கடிப்பது போலக் கேட்டது. மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "யாரோ தப்பான எண்ணெய ஊத்தியிருக்கணும். இல்லன்னா உள்ள கியரச் சேத்துப் பிடிக்குத பித்தளை வளையம் தேஞ்சிருக்கும். வண்டிக்கூட வந்த புத்தகத்துல எந்த எண்ணெய்னு போட்டிருக்கும்லா, அத வாங்கிட்டு வாங்க. பழச வடிச்சிட்டு ஊத்திப் பாப்போம். சத்தம் நிக்கலைன்னா பெட்டியப் பிரிக்க வேண்டியதுதான்" என்றார்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில் போய்க் கேட்டால், கடைக்காரர் லாரிக்கு ஊற்றுகிற தடித்த எண்ணெயை எடுத்து வைத்தார். "எல்லாம் கியர் ஆயில்தாம்மா. தடிப்பா ஊத்துனா சத்தம் அமுங்கிரும்" என்றார். சத்தம் அமுங்குவது வேறு, கியர்ப் பல் சேர்வது வேறு என்று மெக்கானிக் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எண்ணெய் அளவுக்கு மேல் தடித்தால் வளையத்தால் பிடிக்க முடியாதாம். சில எண்ணெய்களில் இருக்கும் கந்தகச் சரக்கு பித்தளையையே அரித்துவிடுமாம். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் விடாமல், புத்தகத்தில் போட்டிருந்ததையே தேடி எடுக்கச் சொல்லி வாங்கி வந்தேன்.

அதற்குள் அம்மா காரை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அலுவலக வண்டி வரப்போகிறது, அப்பா இல்லாத காரைப் பார்க்க அவளுக்கும் கஷ்டமாக இருந்தது. பழுது பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். அத்தான் வந்தார். எண்ணெய் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கிடுதேன்ளா. ஒனக்கு எதுக்கு இந்த அழுக்கு வேல?" என்றார்.

கார் திரும்பி வந்தபோது சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கியர்த் தடி மட்டும் களிக்குள் அகப்பையை விட்டது போல மந்தமாக நகர்ந்தது. கேட்டதற்கு, "புது எண்ணெய் அப்படித்தான் இருக்கும். ஓட ஓட இளகிரும்" என்று சிரித்தார்.

வாங்க வந்தவர் புன்னைக்காயல்காரர். தோணியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரத்துக்கு இரண்டு முறை தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பேருந்தில் வந்துவிடுகிறாள், திரும்பிப் போகும்போது துவண்டுவிடுகிறாள், அதனால்தான் கார் என்றார். அந்த அம்மாவும் கூட வந்திருந்தாள். எங்கள் வீட்டு நாற்காலியில் அவள் உட்கார அத்தான் தாமே மின்விசிறியைப் போட்டுவிட்டார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று விசாரித்தார். பிறகு, "கவலப்படாதீக. கியரு வெண்ணெய் மாதிரி விழும்" என்று சொல்லிச் சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கொடுத்தார். அவளுடைய நோய் என்ன என்றும் தெரிந்துகொண்டுதான் கொடுத்தார். இன்றுவரை எனக்குச் செரிக்காதது அதுதான்.

சில வாரங்கள் கழித்து அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பழையகாயல் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம், நல்ல உச்சி வெயிலில் கியர் இறுகி வண்டி நின்றுவிட்டது. மனைவிக்கு மூச்சு இரைக்கிறது. நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. வழியில் வந்த உப்பு லாரியை மறித்து, அவளை டிரைவர் பக்கத்தில் உட்கார்த்தி ஆஸ்பத்திரி கொண்டு சேர்த்திருக்கிறார். அத்தானைக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. "சண்டைக்கு வரல தாயி. ஒங்க வீட்டு வண்டி. என்ன ஆச்சுன்னு ஒங்களுக்கும் தெரியணும்லா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

காரை இழுத்துவரச் செய்து பிரிக்கச் சொன்னது அக்காதான். தட்டில் விழுந்ததைப் பார்த்த பிறகு அவள் மெக்கானிக்கிடம் ஒரு பழைய பெயின்ட் டப்பா கேட்டு வாங்கினாள். அந்தக் கறுப்பு மொத்தத்தையும் வழித்துப் போட்டுக்கொண்டாள்.

அத்தான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். சோறு, பாறை மீன் குழம்பு. அக்கா இன்னொரு தட்டை எடுத்து அவர் எதிரே வைத்து, டப்பாவை அதில் கவிழ்த்தாள். நாற்றம் குப்பென்று எழுந்தது. அத்தான் தட்டைப் பார்த்தார். இடது கையால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடியும் சோற்றைப் பிசைந்தார்.

"மரத்தூள்தான? சத்தம் அமுங்க எல்லாவனும் போடுததுதான். வாங்குதவன் பாத்து வாங்கணும்" என்றார்.

"அந்தப் பொம்பள மூச்சு முட்டி ரோட்டுல கெடந்திருக்கா" என்றாள் அக்கா.

"அதான் ஆஸ்பத்திரி போய்ச் சேந்துட்டால்லா?" முள்ளை எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். "கொழம்பு ஆறுது. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அந்த நாற்றத்தை முகர்ந்துகொண்டே ஒரு மனிதரால் மீனை ருசித்துச் சாப்பிட முடிந்தது. விரல்களை நக்கினார். எழுந்து கை கழுவி, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு படுக்கப் போனார்.

அவர் சொந்தமாக ஓட்டிய கார் அக்கா பெயரில் இருந்தது. வரித் தொல்லையைத் தவிர்க்க அவரே அப்படிப் பதிவு செய்திருந்தார். அந்த வாரமே அக்கா புன்னைக்காயல்காரரை வரவழைத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காரை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள். அவர் தயங்கினார். "இது தானம் இல்ல அண்ணாச்சி. நீங்க வாங்குனது ஓடுத வண்டி. இந்தா ஓடுத வண்டி" என்றாள். கொடுப்பதற்கு முன் சாமான்களை எடுக்கப் பின்பக்கத்தைத் திறந்தபோது, நான் வாங்கி வந்த எண்ணெய் டப்பா மூடிகூடத் திறக்காமல் அங்கே கிடந்தது.

அத்தான் கத்துவார், கை நீட்டுவார் என்று பயந்து நான் அன்று அக்கா வீட்டிலேயே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கார் நிற்கும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் எங்கே போனார் என்பது ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் தெரிந்தது. நோயாளிப் பெண்ணுக்குத் தன் சொந்தக் காரையே கொடுத்த நல்ல உள்ளம் என்று பங்குச் சாமியார் அவரைப் பாராட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் தலையைக் குனிந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த அடக்கத்தைப் பார்க்கையில், தட்டில் கிடந்த கறுப்புக் களியே பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்து, "எந்திரிச்சுச் சொல்லுக்கா" என்றேன். வெளியே வந்ததும்தான் அவள் பேசினாள். "ஏளா, நான் வாயத் தொறந்தா ஊரே அந்த வண்டியப் பத்திப் பேசும். புன்னைக்காயல் அண்ணாச்சி கூச்சப்பட்டு வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டிட்டுப் போயிருவாரு. பொறவு அந்தப் பொம்பள எதுல போவா?"

அந்த அம்மா மேலும் சில ஆண்டுகள் இருந்தாள். அத்தனை நாளும் அந்தக் கார் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் ஓடியது. அக்கா வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சமைத்தாள், பரிமாறினாள். ஆனால் அவர் சாப்பிடும் மேசையில் அதன்பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தான் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. தொழிலை விடவில்லை. கார் கொடுத்த கதையை மட்டும் வரவர மெருகேற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அடக்கம் செய்த அன்றும் யாரோ ஒருவர் அதையே நா தழுதழுக்கச் சொன்னார். புன்னைக்காயல்காரரும் வந்திருந்தார். அந்தப் பேச்சு தொடங்கியதும் எழுந்து வெளியே போய், முடியும்வரை வெயிலிலேயே நின்றிருந்தார்.

போன மாதம் கல்லறையைக் கட்டினார்கள். பளிங்குக் கல்லில் என்ன பொறிப்பது என்று அக்காவின் மகன் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். பெயருக்குக் கீழே 'ஏழைகளின் தோழர்' என்று இருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தாள்.

"பேரப் போடு. பொறந்த தேதி, செத்த தேதி போடு. போதும்."

"கல்லு பெரிசும்மா. கீழ எடம் வெறுமையா இருக்குமே" என்றான்.

"கெடக்கட்டும்" என்றாள் அக்கா.