வெறும் வயிற்றுக்காரர்களும் நானும்

யுத்தம் முடிந்து கல்பிட்டி வீதிக்குத் தார்க் காபட் போட்ட பிறகுதான் எங்கள் ஊர் ஆண்கள் நடக்கத் தொடங்கினார்கள். முன்பும் நடந்தோம்தான், ஆனால் எங்கேயாவது போவதற்காக. இப்போது விடிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு உப்பளம் வரை போய், எந்தக் காரியமும் இல்லாமல் திரும்பி வருகிறோம்.

நான் நடந்தது பயத்தில். சீனி வருத்தம். "மூணு மாசத்துல குறையல்லண்டா ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியைக் கண்டால் என் எண்பத்தைந்து கிலோவும் ஒரே நேரத்தில் நடுங்கும்.

எங்கள் ஆறு பேர் கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவருடைய சட்டம் ஒன்றே: வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு எரியும். நானும் எரித்தேன். திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடை. "நடந்தாச்சுதானே" என்று சொல்லிச் சொல்லி ஆளுக்கு நாலு பராட்டா, இறைச்சி ஆணம். நான் ஐந்து. ஒரு மாதத்தில் சாரத்தை இடுப்பில் செருகத் துணி போதவில்லை.

அதன் பிறகு தொழப் போகுமுன் நேற்றைய குரக்கன் ரொட்டியில் மூன்றைச் சூடாக்கித் தின்றுவிட்டுப் போனேன். விலா பிடித்து மதகில் குந்தினேன். அவர்கள் சிரித்தார்கள். மறுநாள் இரண்டாகக் குறைத்தேன். வலியில்லை. கடையில் பசியும் இல்லை. சீனி போடாத பிளேன்டீ மட்டும் கேட்டேன்.

"என்ன, சொகமில்லையா?" என்றார் அதிபர்.

"இல்ல சேர், இண்டைக்கும் சாப்பிட்டுட்டுத்தான் நடந்தேன்."

"அப்ப எரிஞ்சது ரொட்டி. ஒங்கட கொழுப்பு அப்படியே இரிக்கி."

"இரிக்கட்டும் சேர். நான் ரெண்டு ரொட்டியோட நிப்பாட்டிட்டேன். நீங்க கொழுப்ப எரிச்சிட்டு நாலு பராட்டா ஏத்துறீங்க."

எங்களோடு நடக்கும் மீன் வியாபாரி குறுக்கே விழுந்தார். "நாளைக்குக் கல்யாண வீட்டு ஸஹன் தட்டையே தூக்கிட்டு வாங்க நானா. ஆறு பேரும் சுத்திப் புடிச்சிக்கிட்டு, நடந்து நடந்து திம்போம்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் விடவில்லை.

"நோன்பு மாசம் விடிய முன்ன ஸஹர் சாப்பிட்டுட்டுத்தானே இதே ரோட்டுல நடக்கிறீங்க? அப்ப மட்டும் கொழுப்புக்கு லீவா?"

அதிபர் பராட்டாவைப் பிய்த்தபடி, "அது வேற, இது வேற" என்றார்.

மிச்ச இரண்டு மாதமும் தின்றுவிட்டே நடந்தேன். கிளினிக்கில் சீனி குறைந்திருந்தது. ஊசி வேண்டாம், இப்போது விழுங்கிவரும் குளிசையே போதும் என்றார் டாக்டர். ரொட்டிக் கதையைச் சொன்னேன். "ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரி. பொறகு அள்ளித் தின்னாம இரிக்க அது ஒதவுதுண்டா, அதையே செய்யுங்க."

கடையில் செய்தியைச் சொன்னதும் அதிபர் தீர்ப்பு வழங்கினார்: "அது குளிசையால குறைஞ்சது."

ஓம், இருக்கலாம். எதனால் குறைந்தது என்று வழக்காட நான் தயாரில்லை. மறுநாளும் ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் நடந்தேன். வெறும் வயிற்றோடு அந்தக் கடை வாசலைத் தாண்டும் வைராக்கியம் எனக்கு இல்லை, அவர்களுக்கும் இல்லை. நான் ஒத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.