மணியனின் பல்லும் என் உமிக்கரியும்

போன மாதம் இங்கே பெருமையடித்திருந்தேன். எங்கள் நாய் மணியனுக்குப் பல் தேய்க்க பேஸ்ட் எல்லாம் கிடையாது, நெல் உமியைக் கருக்கி உப்புச் சேர்த்த உமிக்கரிதான் என்று. நிறைய பேர் லைக் போட்டீர்கள்.

மூன்று நாளாக அவன் சாப்பிடவில்லை. மீன் இல்லாத கோபம் என்று நினைத்துத் திட்டினேன்.

இன்று பாறசாலையில் மிருக டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறெல்லாம் கீறல், ரத்தம்.

“எது வச்சு பல்லு தேய்க்கியீங்க?”

“உமிக்கரியும் உப்பும் ஆக்கும் டாக்டர். எல்லாம் நேச்சுரல்.”

“உங்க வாயில புண்ணு உண்டெங்கில் அதுமேல உப்பு தேய்ப்பீங்களா?”

அவரே ஒரு துணியை நனைத்து என் கையில் தந்தார்.

“இனி நனைச்ச துணி போதும். மெதுவா தொடைங்க, பாப்போம்.”

துணியை விரலில் சுற்றி நீட்டினேன். மணியன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானாகவே வாயைத் திறந்தான்.

தினமும் காலையில் இப்படித்தான் திறப்பான். அவனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அந்தப் பதிவில் எழுதியிருந்தேன்.

போட்ட லைக்கைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நாலு வார்த்தை திட்டவும் செய்யலாம். மணியனுக்குத் திட்ட வரவில்லை; வண்டியில் வரும்போது என் கையைத்தான் நக்கிக்கொண்டு வந்தான்.