ஞாயிற்றுக்கிழமைப் பால்மா

என் குசினி அலுமாரியில் மூடி வளைந்த பழைய பால்மாத் தகர ரின் ஒன்று இருக்கிறது. இப்போது அதில் பருப்பு. அதைத் தொடும்போதெல்லாம் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மன்னார் அண்ணையின் நினைவு வரும்.

எண்பதுகளின் கடைசி, நாங்கள் இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த புதிது. மூத்தவள் கைக்குழந்தை, எனக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. சனிக்கிழமை முழுதும் ரெய்னர்ஸ் லேனில் ஒரு விசேஷத்தில் நின்றுவிட்டு, மறுநாள் காலை ரின்னைத் திறந்தால் வெறும் அடிதான் தெரிந்தது. ஊரில் ஞாயிறென்று கடைகள் பூட்டிப் பழக்கமில்லாததால் முதல்நாளே பார்த்துவைக்கத் தோன்றவில்லை. பசும்பால் கொடுக்கக்கூடாதென்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அழுத பிள்ளையை இவர் தோளில் போட்டு நடக்க, நான் ஓடினேன். ஞாயிறில் கடை திறக்க இங்கத்தைச் சட்டம் விடாது; தெருவே பூட்டிக் கிடந்தது.

அண்ணையின் கடை மட்டும் பேப்பர் விற்கத் திறந்திருந்தது. ஆனால் பால்மா இருந்த தட்டைப் பழைய சேலையொன்றால் மூடியிருந்தார்.

"உதுக்கு இண்டைக்கு முக்காடு, தங்கச்சி. போத்தல் பால் விக்கலாம், பால்மா விக்க ஏலாது. கொன்ஸ்தந்தீன் அரசன் போட்ட ஓய்வுநாள். கவுன்சில்காரன் காவல் நிக்கிறான்."

கொன்ஸ்தந்தீனைப் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் படித்தவள் நான். அந்த ரோமாபுரி அரசனின் கட்டளை என் பிள்ளையின் பசிக்குக் குறுக்கே வருமென்று நினைத்ததேயில்லை. ஞாயிறில் விற்றதற்காக நகரசபைக் கவுன்சில் ஒருமுறை அண்ணையை எச்சரித்திருந்தது. அவருடைய அகதி வழக்கும் முடியவில்லை. கெஞ்சவும் மனம் வரவில்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை.

அவர் மாடியைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அவ ஒரு ரின்னோடு இறங்கி வந்தா. பாதி பாவித்தது, மூடி வளைந்தது.

"இது கடைச் சாமான் இல்லை. வீட்டுச் சாமான்," என்றார் அண்ணை.

"உங்கட பிள்ளைக்கு?"

"அவன் சோறு தின்னுவான். நீர் கெதியா வீட்டை போம்."

இப்போது, ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு, சட்டம் மாறிவிட்டது. சேலையையும் கழற்றிவிட்டார்கள். பெரிய கடைகளெல்லாம் ஞாயிறும் திறப்பதால் அங்கே வேலை செய்யும் இவருக்கும் ஷிப்ட்; ஞாயிறு முழுதும் கடையில் நிற்பதால் அண்ணையும் தேவாலயத்தில் சனி மாலைப் பூசைக்கே போகிறார். கைக்குழந்தைக்காரிக்கு இது நல்லதுதானே என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆனால் இப்போது கைக்குழந்தையாக இருக்கும் என் சின்னவன் அழும்போது, அந்த அமைதியான தெருவும், பிள்ளையைத் தோளில் போட்டு இவர் நடந்த ஞாயிறுகளும் நினைவுக்கு வரும்.

எந்த நேரமும் பால்மா வாங்கலாம். என்றாலும் ஒவ்வொரு சனி மாலையும் சின்னவனின் ரின்னைத் திறந்து, அடி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான், வளைந்த மூடிக்காரனுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.